எட்டு வாரக் குறிப்புகள்

ஜனவரி 6, செவ்வாய்

முதல் வகுப்பு. ஆளுக்கு ஒரே ஒரு உலர்திராட்சை கொடுத்து, அதை முன்பின் பார்த்திராதவர்போலப் பார்க்கச் சொன்னார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் சுருக்கங்களுக்கு நடுவே தேன் நிறம். காம்பு கழன்ற இடத்தில் சின்னத் தழும்பு. கடிப்பதற்கு முன்பே வாயில் எச்சில் ஊறிவிட்டது. இத்தனை வருடத்தில் ஒரு திராட்சையைக்கூட நான் இப்படித் தின்றதில்லை.

மூன்று முறை மனச்சோர்வில் விழுந்து எழுந்தவள் நான். இப்போது நன்றாகத்தான் இருக்கிறேன். நான்காவது முறை வராமல் பார்த்துக்கொள்ளத்தான் இந்த எட்டு வார மனக்கவனப் பயிற்சி (MBCT).

ஜனவரி 11, ஞாயிறு

வீட்டுப்பாடம் தினமும் முக்கால் மணி நேரம். படுத்தபடி கால் விரலில் தொடங்கி உடம்பு முழுக்கக் கவனத்தை நகர்த்த வேண்டும். முழங்காலுக்கு வருவதற்குள் தூங்கிவிடுகிறேன். தூங்கினால் தூங்கியதைக் கவனித்துவிட்டுத் தொடருங்கள் என்றார் ஆசிரியர். அவ்வளவுதானா!

ஜனவரி 20, செவ்வாய்

இது ஏன் வேலை செய்கிறது என்று கேட்டேன். ஆசிரியர் விளக்கினார். ஒருமுறை மனச்சோர்வு வந்தவருக்குச் சாதாரண வருத்தம்கூடப் பழைய எண்ணங்களை மொத்தமாக இழுத்துவந்துவிடும். ‘எனக்கு ஏன் இப்படி’ என்று அசைபோட அசைபோட அது இறுகும். சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்ற மூன்று உளவியலாளர்கள் சேர்ந்து இந்த முறையை உருவாக்கியது அந்தச் சங்கிலியை ஆரம்பத்திலேயே கண்டுகொள்ளத்தான். 2000இல் வந்த அவர்களது முதல் ஆய்வில் 145 பேர். மூன்று முறை அல்லது அதற்கு மேல் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பலன் தெளிவாகத் தெரிந்தது. இரண்டே முறை பாதிக்கப்பட்டவர்களிடம் தெரியவில்லை. என் மூன்று முறையை முதல்தடவையாக வேறு கண்ணோடு பார்த்தேன்.

ஜனவரி 29, வியாழன்

அக்காவுக்கு மத்தியானம் செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டாள், பதில் இல்லை. ஐந்து மணிக்குள் ‘அவளுக்கு என்மேல் சலிப்பு’, ஆறு மணிக்குள் ‘எல்லாருக்கும் நான் பாரம்’. நெஞ்சில் ஈரத்துணியைப் பிழிந்து வைத்தமாதிரி கனம். அப்போதுதான் உறைத்தது, இது அந்தப் பழைய பாதை.

மூன்று நிமிட மூச்சுப் பயிற்சி செய்தேன். முதலில் என்ன நடக்கிறதென்று பார்ப்பது: எண்ணம், வருத்தம், நெஞ்சுக் கனம். அப்புறம் மூச்சு மட்டும். அப்புறம் முழு உடம்பும். கனம் போகவில்லை. ஆனால் ‘நான் பாரம்’ என்பது மனதில் ஓடும் ஒரு வாக்கியமாகத் தெரிந்தது, தீர்ப்பாக அல்ல. எட்டு மணிக்கு அக்காவே கூப்பிட்டாள். கூப்பிடாமல் போயிருந்தாலும் இன்று தூங்கியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

மாத்திரையை விட்டுவிடலாமா என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வை ஆசிரியர் சொன்னார், 424 பேர். இந்தப் பயிற்சியோடு மருந்தைக் குறைக்க உதவி பெற்றவர்களில் 44 சதவீதம், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 47 சதவீதம் பேருக்கு இரண்டு ஆண்டுக்குள் மனச்சோர்வு திரும்ப வந்தது. பெரிய வித்தியாசமில்லை. அதை நம்பி நாமாக நிறுத்துவது ஆபத்து. என் மருத்துவர் சொல்லும்வரை நான் தொடர்கிறேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

கடைசி வகுப்பு. மனச்சோர்வு திரும்ப வரும்போது முதலில் என்னென்ன மாறும் என்று ஆளாளுக்கு எழுதினோம். என்னுடையது: விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு, கழுவாத பாத்திரம், போனை எடுக்காதது. கீழே, அப்போது யாரிடம் சொல்ல வேண்டும் என்ற இடத்தில் அக்கா பெயர்.

இரவு அவளிடம் தாளைக் கொடுத்தேன். இரண்டு தரம் படித்தாள். பேனாவை வாங்கி நான்காவதாகத் தானே எழுதினாள்: ‘பாட்டு முணுமுணுப்பது நின்றுவிடும்.’

நான் முணுமுணுப்பேன் என்பதே எனக்குத் தெரியாது.