கூட்டாக உழைத்தவரை விருதுக்குப் பரிந்துரைத்த அனுபவம்

அமெரிக்காவில் உளவியல் கல்வி, பயிற்சித் துறையில் இருப்பவர்களுக்குச் சில விருதுகள் உண்டு. அவற்றில் ஒன்று, பல அமைப்புகளை ஒரே மேசையில் உட்கார வைத்து வேலையை நடத்திக் காட்டியவருக்கானது. போன வருடம் அதற்கு எனக்கு மூத்த சக உளவியலாளர் ஒருவரைப் பரிந்துரைத்தேன். இதில் இறங்க நினைக்கிறவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

கேட்டவை அதிகமில்லை. ஒரு பரிந்துரைக் கடிதம், சில ஆதரவுக் கடிதங்கள், அவருடைய சிவி. அந்த சிவியில்தான் சிக்கலே. பத்து வருட உழைப்பு அதில் "கமிட்டி உறுப்பினர்" என்று ஒரே வரியில் கிடந்தது. ஆராய்ச்சிக் கட்டுரையில் பெயர் இருக்கும். சேர்ந்து செய்த வேலையில் யாருடைய பெயர் இருக்கும்?

அவர் செய்தது என்ன என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இங்கே கிளினிக்கல் உளவியலில் முனைவர் பட்டம் வாங்க ஒரு வருட இன்டர்ன்ஷிப், அதாவது நேரடிப் பணிப் பயிற்சி, கட்டாயம். 1999-லிருந்து மேட்ச் எனும் கணினி முறையில் இடம் ஒதுக்குகிறார்கள். அதற்கு முன்பெல்லாம் பிப்ரவரியில் குறிப்பிட்ட ஒரு நாளில் பயிற்சி மையங்கள் போன் செய்து இடம் தரும். மாணவர்கள் போனை விட்டு நகர மாட்டார்கள். மேட்ச் வந்ததும் அந்தப் பதற்றம் தீர்ந்தது, இடப் பற்றாக்குறை தீரவில்லை. 2012-இல் முதல் சுற்று முடிந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு, ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு, இடமில்லை. இடங்களைக் கூட்டுங்கள் என்றன பல்கலைக்கழகங்கள். இத்தனை பேரை ஏன் சேர்த்தீர்கள் என்றன மையங்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது.

அந்தச் சமயத்தில் அவர் சில சின்னக் கிளினிக்குகளைச் சேர்த்து ஒரு கன்சார்ட்டியம், அதாவது எல்லாரும் சேர்ந்து ஒரே இன்டர்ன்ஷிப்பை நடத்தும் கூட்டமைப்பு, தொடங்கினார். ஒரு இன்டர்ன்ஷிப்புக்குக் குறைந்தது இரண்டு இன்டர்ன்கள் வேண்டும். வாரத்துக்கு நான்கு மணி நேர சூப்பர்விஷன் (மேற்பார்வை) வேண்டும், அதில் இரண்டு மணி நேரம் ஒவ்வொருவருக்கும் தனியாக. ஒரே ஒரு உளவியலாளரை வைத்து ஓடும் கிளினிக்கால் இது முடியுமா? பங்கு போட்டால் முடியும். குழு சூப்பர்விஷன் ஓரிடத்தில், செமினார் இன்னோரிடத்தில்.

பேச்சு அடிக்கடி முட்டி நின்றது பணத்தில். வருட நடுவில் ஒரு கிளினிக் விலகினால், அந்த இன்டர்னுக்கு மீதி உதவித்தொகையை யார் தருவது? இதைக் காட்டியே ஒரு கிளினிக்கின் மேலாளர் கடைசி வரை மறுத்துக்கொண்டிருந்தார். இவர் அவரிடம் வாதாடவில்லை. "ஒப்பந்தத்தில் அதற்கான பிரிவை நீங்களே எழுதிக் கொடுங்கள்" என்றார். அவர் எழுதிய பிரிவுதான் ஒப்பந்தத்தில் இன்றும் இருக்கிறது. கூட்டுத் தலைமை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

சரி, பரிந்துரைக்கு வருகிறேன். முதலில் அவரே சம்மதிக்கவில்லை. "எல்லாரும் சேர்ந்து செய்ததற்கு என் பெயர் மட்டும் எதற்கு?" என்றார். யார் யார் எதைச் செய்தார்கள் என்று கடிதத்திலேயே எழுதுவதாகச் சொன்ன பிறகுதான் சிவியை அனுப்பினார். அது கடிதத்துக்கு நல்லதாகவே அமைந்தது. "தொலைநோக்கு உடையவர்" போன்ற வர்ணனை எதுவும் தேவைப்படவில்லை. முன்பு என்ன நிலை, யார் ஒத்துக்கொள்ளவில்லை, எதனால் மனம் மாறினார்கள், இப்போது என்ன நடக்கிறது என்று எழுதினாலே பக்கம் நிறைந்துவிட்டது. பழைய கூட்டக் குறிப்புகளை உட்கார்ந்து படித்தது அதற்கு மிகவும் உதவியது.

ஆதரவுக் கடிதத்துக்கு நெருங்கிய நண்பர்களைத் தேடவில்லை. ஒரு பல்கலைக்கழகத்தின் பயிற்சி இயக்குநர், முன்பு அந்தக் கன்சார்ட்டியத்தில் இன்டர்னாக இருந்து இப்போது சூப்பர்வைசராக இருப்பவர், அப்புறம் அந்த மேலாளர். மூவரும் ஒரே விஷயத்தை எழுதிவிடக் கூடாது என்று ஆளுக்கொரு பகுதியைப் பிரித்துக் கொடுத்தேன். எதிர்த்தவர் எழுதுகிற கடிதத்துக்கு இருக்கும் பலம் தனி. தான் ஏன் மறுத்தேன் என்பதையே அவர் பாதிக் கடிதத்துக்கு எழுதியிருந்தார். நான் ஒரு வார்த்தைகூட மாற்றச் சொல்லவில்லை.

2010-களின் பிற்பகுதியில் நாடு முழுக்க இன்டர்ன்ஷிப் இடங்கள் விண்ணப்பித்தவர்களின் எண்ணிக்கையைத் தாண்டின. அமெரிக்க உளவியல் சங்கம் 2012-இல் ஒதுக்கிய சுமார் 30 லட்சம் டாலரும் அதற்கு உதவியது. ஆனால் பணம் மட்டும் கன்சார்ட்டியத்தைக் கட்டிவிடாது. ஒவ்வோர் ஊரிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும், அவர்களில் பலரை யாரும் பரிந்துரைத்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

விருது அவருக்குக் கிடைத்தது. அதன் பிறகு எங்கள் கூட்டக் குறிப்புகளில் யார் யோசனை சொன்னார், யார் எழுதினார் என்பதையும் பதிந்து வருகிறோம். அடுத்த முறை அந்த மேலாளரைப் பரிந்துரைக்க ஆசை. அவர் உளவியலாளர் இல்லை. விதிமுறையில் அதற்கு இடமுண்டா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். உண்டு என்று பதில் வந்தால் உடனே கடிதத்தைத் தொடங்கிவிடுவேன்.