'டிஸ்கஸ் அபவுட்' எங்கிருந்து வருகிறது?

ஆபீஸ் மெயில்களில் அடிக்கடி கண்ணில் படுவது 'லெட் அஸ் டிஸ்கஸ் அபவுட் திஸ்'. அங்கே அபவுட் வேண்டாம் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் நல்ல ஆங்கிலம் பேசுபவர்கள்கூட ஏன் அதைச் சேர்க்கிறார்கள் என்று யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. அதனால்தான் எத்தனை முறை திருத்தினாலும் போக மாட்டேன் என்கிறது.

ஒரு பக்கம் தமிழ் இழுக்கிறது. 'அதைப் பற்றி விவாதிப்போம்' என்று யோசிக்கும்போதே அபவுட் வந்துவிடுகிறது. பாட்டைக் கேட்கிறோம், அதனால் 'லிசன் மியூசிக்' என்று டு காணாமல் போகிறது. அவரோடு கல்யாணம் ஆனதால் 'மேரீட் வித்'. ஆனால் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் 'வெயிட் ஃபார்' என்பதில் தடுமாறுவதே இல்லை, அங்கே நம்முடைய 'கு' அதோடு பொருந்திப்போகிறது.

இன்னொரு பக்கம், குழப்பம் ஆங்கிலத்துக்குள்ளேயே இருக்கிறது, இதைத்தான் நாம் கவனிப்பதில்லை. 'டிஸ்கஷன் அபவுட்' முற்றிலும் சரி, ஏனென்றால் அது பெயர்ச்சொல். வினையாகும்போது அபவுட் உதிர்ந்துவிடுகிறது. 'மை ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' சரி, 'ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' தவறு. 'எம்ஃபசிஸ் ஆன்' உண்டு, 'எம்ஃபசைஸ் ஆன்' கிடையாது. ஹோட்டலில் 'அன் ஆர்டர் ஃபார் டூ காஃபீஸ்' இருக்கலாம், 'வீ ஆர்டர்டு ஃபார் டூ காஃபீஸ்' ஆகாது. எல்லாச் சொற்களும் இப்படி நடப்பதில்லை, 'டிபென்ட்', 'டிபென்டென்ஸ்' இரண்டுக்குமே ஆன் வரும். ஆனாலும் நம் ஊர் ஆங்கிலத்தில் கூடுதலாக ஒட்டிக்கொள்ளும் பிரெபொசிஷன்களில் பலவற்றை இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே பிடித்துவிடலாம்.

ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி தன் சகாக்களோடு சேர்ந்து 1942-ல் டோக்கியோவில் ஒரு அகராதி வெளியிட்டார். பிற்பாடு ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதியாக வளர்ந்தது அதுதான். ஒரு வினைக்குப் பின்னால் என்ன வரும் என்பதை அதில் வகைவகையாகப் பிரித்துக் காட்டினார், ஏனென்றால் பொருள் மட்டும் தெரிந்தால் வாக்கியம் எழுத வராது. நம் பள்ளிகளிலோ கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்கிறோம். இது எனக்குப் பிடிக்கவே இல்லை. 'டிபென்ட்' என்று தனியாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு அப்புறம் ஆன் எங்கே என்று கேட்பதைவிட, முதல் நாளே 'டிபென்ட் ஆன்' என்று சேர்த்தே சொல்லிக்கொடுக்கலாமே.

அதே சமயம், எல்லாவற்றுக்கும் சிவப்பு மை வேண்டாம். 'ப்ரொடெஸ்ட் த டிசிஷன்' அமெரிக்க வழக்கு, பிரிட்டிஷ்காரர்கள் நடுவில் அகெய்ன்ஸ்ட் போடுவார்கள். எதை எழுதினாலும் மார்க் கொடுங்கள்.