ஆர் அந்த ஐயன்?

ஒட்டுசுட்டானில் அம்மாவின் காணி ஒரு முக்கோணி. ஒரு பக்கம் றோட்டு, ஒரு பக்கம் வாய்க்கால், மற்றப் பக்கம் பற்றை. றோட்டுப் பக்கம் வேலி இருக்கிறது. வாய்க்கால் தானே ஒரு வேலி. பற்றைப் பக்கத்தால்தான் ஊர் மாடெல்லாம் அம்மாவின் கச்சானுக்கு வந்து போகும். ஐப்பசி மழைக்குப் போட்ட கச்சான் தலைகாட்டத் தொடங்கியதும், "இந்த முறையாவது அந்தப் பக்கத்தை அடைச்சுத் தாங்கோடா" என்று அம்மா போனில் அழுதார். வவுனியாவிலிருந்து ரெண்டு நாள் லீவு போட்டுப் போனேன்.

பற்றைக்குள் இறங்கி டேப் பிடிக்க வழியில்லை. உண்ணி, சூரை, ஈச்சை எல்லாம் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றன. போதாததுக்கு, 2009க்குப் பிறகு மண்டையோடு கீறின சிவப்புப் பலகை நின்ற இடம் அது. மிதிவெடி எடுக்கிறவர்கள் வந்து, அங்குலம் அங்குலமாகக் கிண்டி, துப்புரவு என்று சொல்லிவிட்டுப் போயும் கன வருசம். அம்மாவின் மனதில் நிற்கிற பலகையைத்தான் இன்னும் ஒருவரும் கழற்றவில்லை. "பெக்கோ வந்து தள்ளட்டும், அதுக்குப் பிறகு போங்கோ" என்று ஒரே பிடி.

பெக்கோ சனிக்கிழமை வரும். தூண் நடுகிற ஆட்களும் அன்றைக்கு மட்டும்தான். ஆகவே தூணும் முட்கம்பியும் வெள்ளிக்கிழமையே வாங்கியாக வேண்டும். எவ்வளவு வாங்குவது?

மாமா வாய்க்கால் கட்டில் ஏறி, கையை நெற்றியில் வைத்து, வாய்க்காலும் பற்றையும் சந்திக்கிற மூலையில் நிற்கிற பாலை மரத்தைப் பார்த்தார்.

"எழுபது மீற்றர் எண்டு பிடி."

"அப்பிடிக் குத்துமதிப்பாச் சொல்லேலாது மாமா. இதுக்குக் கணக்கு இருக்கு."

அந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம். ஆனால் நான் ஒரு காலத்தில் கணிதப் பிரிவில் படித்தவன். படிப்பு வேலைக்கு உதவாவிட்டாலும் வாய்க்கு உதவும்.

சைன் விதியை மாமாவுக்கு விளங்கப்படுத்தினேன். சைன் என்பது ஒவ்வொரு கோணத்துக்கும் உரிய ஓர் எண், போனில் தட்டினால் வரும். எந்த முக்கோணியிலும் ஒரு பக்கத்தை அதற்கு எதிரே இருக்கிற கோணத்தின் சைனால் பிரித்தால், மூன்று பக்கத்துக்கும் ஒரே விடைதான் வரும். செங்கோணம் தேவையில்லை. ஒரு பக்கத்தையும் ரெண்டு கோணத்தையும் தந்தால் மிச்சம் தானாக விழும். 1802இல் லாம்டன் என்ற வெள்ளைக்காரன் சென்னைப் பரங்கிமலைக்குக் கிட்ட ஒரேயொரு கோட்டைச் சங்கிலியால் அளந்துவிட்டுத்தான் முக்கோணிக்கு மேல் முக்கோணியாக இந்தியாவை அளக்கத் தொடங்கினவன் என்பதையும் சேர்த்துவிட்டேன்.

"அப்ப மரத்தடிக்குப் போகாமலே மரத்தடியை அளப்பாய்?"

"ஓம் மாமா."

"செய்யன் பாப்பம்" என்று வெற்றிலைச் சரையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அண்ணன் மகனின் கொம்பாஸ் பெட்டியிலிருந்து பாகைமானியை எடுத்தோம். அதை ஒரு மட்டையில் ஒட்டி, நடுவில் குண்டூசி குத்தி, அதில் சோடா குடிக்கிற ஸ்ரோ ஒன்றைச் செருகினோம். குசினிக் கதிரைதான் எங்கள் ஸ்டாண்ட். ஒரு கால் கட்டை என்பதால் அதற்குக் கீழே ஓட்டுத்துண்டு. றோட்டும் வாய்க்காலும் சந்திக்கிற மதகடியில் முழங்காலில் நின்று, ஒரு கண்ணை மூடி, ஸ்ரோவுக்குள்ளால் பாலை மரத்தைத் தேடினேன். முதலில் வானம், பிறகு மாமா, பிறகு ஒருமாதிரி மரம். 70 பாகை. றோட்டும் பற்றையும் சந்திக்கிற கேற்றடி மூலையில் 52. ரெண்டுக்கும் இடையில் றோட்டோரம் டேப் வைத்தால் கச்சிதமாக 60 மீற்றர். மரத்தடிக் கோணத்துக்கு மரத்தடிக்குப் போகத் தேவையில்லை, 180இல் கழித்தால் 58.

பற்றைப் பக்கம் மதகடிக் கோணத்துக்கு எதிரே. பெடியனின் போனை வாங்கித் தட்டினேன். 60ஐ 70இன் சைனால் பெருக்கி, 58இன் சைனால் பிரி. 46.77.

"47 மீற்றர் மாமா. நீங்கள் சொன்னபடி வாங்கியிருந்தா 23 மீற்றர் வீண்."

மாமா ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலையை மற்றக் கன்னத்துக்கு மாற்றினார்.

புதுக்குடியிருப்பில் 19 சீமெந்துத் தூண் எடுத்தோம், ரெண்டரை மீற்றருக்கு ஒன்று. ஐந்து வரி முட்கம்பிக்கு 235 மீற்றர். கடைக்காரர், "கொஞ்சம் கூட எடுங்கோ தம்பி, குறைஞ்சா திரும்ப வரவேணும்" என்றார். "கணக்குப் பாத்துத்தான் அண்ணை வந்தனாங்கள்" என்றேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது.

சனிக்கிழமை பெக்கோ பற்றையைத் தள்ளியது. வெடிக்கவில்லை. அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். கேற்றடியிலிருந்து தூண் நட்டுக்கொண்டு போனார்கள். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. தூண் முடிந்தது. பாலை மரம் இன்னும் இருபது மீற்றருக்கு அங்கால் நின்றது.

"மருமோன், மரம் நடந்திட்டுதோ?" என்றார் மாமா.

டேப் வைத்தோம். 67.1 மீற்றர்.

பாகைமானியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கதிரைக் காலைப் பார்த்தேன். ஒரு பாகை பிசகினாலும் ஒரு மீற்றர் சொச்சந்தானே மாறும், இருபது எப்படிப் போகும்? பெடியன்தான் போனை வாங்கிப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னான்.

"சித்தப்பா, இது பாகையில இல்லை. ஆரையனில நிக்குது."

"ஆர் ஐயன்?" மாமா எழும்பிவிட்டார். "ஆரடா அந்த ஐயன்? ஐயர் ஏன் இதுக்குள்ள வந்தவர்?"

அது ஐயர் இல்லை, கோணத்தின் இன்னொரு அலகு. ஓர் ஆரையன் 57 பாகைக்குச் சற்று மேல். முதல் நாள் ரியூசனுக்கு வகையீட்டுக் கணக்குச் செய்தவன் அதை மாற்றாமல் விட்டிருக்கிறான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 70 ஆரையன் என்றால் மதகடியில் நின்று பதினொரு தரம் முழுசாகச் சுற்றி, மேலும் கொஞ்சம் திரும்ப வேண்டும். சுற்றினவன் வாய்க்காலுக்குள்தான் கிடப்பான்.

பெடியன் பாகைக்கு மாற்றி அதே கணக்கைத் தட்டினான். 66.48. கட்டைக் கால் கதிரையும் ஸ்ரோவும் அறுபது சென்ரிமீற்றர்தான் பிழைவிட்டிருந்தன. பிழை முழுக்க என்னுடையது.

அதைவிட வெட்கம் வேறொன்று. பெரிய கோணத்துக்கு எதிரேதான் பெரிய பக்கம். 58 பாகைக்கு எதிரே 60 மீற்றர் இருக்க, 70 பாகைக்கு எதிரே 47 வரவே வராது. படம் கீறினால் சின்னப்பிள்ளையும் பிடித்துவிடும். நான் படம் கீறவில்லை, பரங்கிமலைக் கதைதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு திறந்து கிடந்த இருபது மீற்றரால் மாடுகள் வந்தன. பெக்கோ பற்றையை வேறு தள்ளிவிட்டதால், முன்னர் நெளிந்து வந்ததுகள் இந்த முறை நேராகவே வந்தன. விடியத் துரத்தப் போன அம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் கொஞ்சம் பலமாக வைத்தார், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை லீவை நீட்டிக்கொண்டு, லாண்ட்மாஸ்ரரில் திரும்பப் புதுக்குடியிருப்புக்குப் போனோம். இன்னும் 8 தூண், 100 மீற்றர் கம்பி. கடைக்காரர் பில்லை எழுதிக்கொண்டே கேட்டார்.

"இந்த முறை ஆர் தம்பி அளந்தது?"

நான் வாய் திறக்க முதல் பின்னாலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"நான்."