எந்த ஊர் முத்துசாமி?

பிரான்சின் நாந்த் நகருக்கு 2022இல் குடிவந்த புதிதில், எனக்கு வந்த கூரியர் பார்சலை வாங்கப் போன கடையில் குடும்பப் பெயர் கேட்டார்கள். புதுச்சேரி முத்தியால்பேட்டைக்காரனுக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் இருப்பது ரோடியர் மில்லில் வேலை பார்த்த என் அப்பாவின் பெயர். "முத்துசாமி" என்றேன்.

கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்தார். "ஃபுட்பால் ஆடுறாரே, அவருக்குச் சொந்தமா?"

கேட்டபடியே 'மு'வுக்கு ஓவும் யூவும், நடுவில் இரண்டு எஸ்ஸும் போட்டுத் தட்டினார். அப்படி ஒரு பார்சலே இல்லை என்றது கணினி. என் பாஸ்போர்ட்டில் ஒற்றை எஸ்தான். அதைப் பிரெஞ்சு வாயால் படித்தால் 'ம்யூத்யூஜமி' என்று வரும். அந்த ஆள் யாரென்று எனக்கே தெரியாது.

ஃபுட்பால்காரர் சாமுவேல் முத்துசாமி அப்போது நாந்த் அணியில் இருந்தார். பிறந்தது பாரிஸ், ஆடுவது காங்கோ தேசிய அணிக்கு, தகப்பன் வழி குவாதலூப். கரீபியன் கடலில் இருக்கும் அந்தப் பிரெஞ்சுத் தீவில் 1848இல் அடிமைமுறை ஒழிந்ததும், கரும்புத் தோட்டத்துக்கு எங்கள் புதுச்சேரியிலும் காரைக்காலிலும்தான் ஆள் பிடித்தார்கள். 1854 டிசம்பரில் 'ஒரேலி' கப்பல் முதல் கூட்டத்தை இறக்கியது. காதில் விழுந்ததைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்ததுதான் அங்கே பரம்பரைப் பெயரானது. கடைக்காரப் பெண் தட்டியதும் அதே எழுத்துகள்தான்!

பிறகு தேடத் தேட முத்துசாமிகள் வந்துகொண்டே இருந்தார்கள். 1981இல் குவாதலூப்பிலிருந்து பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குப் போன எர்னஸ்ட் முத்துசாமி. சிகாகோவில் பிறந்த புகைப்படக் கலைஞர் ஜீன் முத்துசாமி-ஆஷ். 1975இல் விம்பிள்டன் வென்ற ஆர்தர் ஆஷின் மனைவி.

சாமுவேலின் படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன்.

"எந்த ஊர் முத்துசாமி? வில்லியனூர் பக்கமா?"

"காங்கோ டீம்ல ஆடுறாருப்பா. ஆப்பிரிக்கா."

"நல்ல கருப்பா இருக்கான். நான் மட்டும் என்ன வெள்ளையா?" என்றார்.

போன வருடம் பையன் பிறந்தான். ஐந்து நாளுக்குள் பதிய வேண்டும் என்பதால் நகராட்சிக்கு ஓடினேன். ஊரில் என்றால் என் பெயரின் முதலெழுத்து அவனுக்கு இனிஷியலாகியிருக்கும். இங்கே அவனும் முத்துசாமி. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பேரன்னா அதானடா! பேரச் சொல்றவன்!"

மறுநாள் காலை அவரே கூப்பிட்டார். ராத்திரி முழுக்க யோசித்திருப்பார் போல.

"ஏண்டா, அப்போ உன் பேரு எங்க போச்சு?"