கொறங்காட்டில் ஒரு குடிசை

அக்டோபர் 11, சனி

நேற்று ராத்திரியே அப்புச்சி (அம்மாவின் அப்பா) ஊருக்கு வந்துவிட்டேன். காங்கயத்துக்குத் தெற்கே, பஸ் இறங்கி ரெண்டு கிலோமீட்டர் நடை. காலையில் கொடுவாளை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது அம்மிச்சி (அம்மாவின் அம்மா) பிடித்துக்கொண்டார்.

"எங்க கண்ணு கொடுவாளோட?"

"கொறங்காட்டுல குடிசை போடப் போறனுங்க அம்மிச்சி."

"ஏஞ்சாமி, ஊட்டுல எடமில்லியா?"

காரணம் வெள்ளியங்கிரி. சில வருசங்களுக்கு முன் ஏழாவது மலை ஏறிவிட்டு இறங்கும்போது நடுராத்திரியில் கோடை மழை பிடித்துக்கொண்டது. நனைந்த பனியனோடு ஒரு பாறையில் ஒண்டி உட்கார்ந்தேன். பல் கிட்டிக்கொண்டது, விரல் மடங்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் உரச்சாக்கு ஒன்றைக் கொடுத்தார். போர்த்தப் போனேன். "மேல வேண்டாம் தம்பி, கீழ போட்டு உட்காரு" என்றார். அந்தச் சாக்குதான் விடியும்வரை தாங்கியது.

அப்புறம்தான் இதைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். காட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்குச் சொல்கிற கணக்கு ஒன்று உண்டு: சோறில்லாமல் மூன்று வாரம், தண்ணியில்லாமல் மூன்று நாள், மோசமான மழை குளிரில் ஒதுங்க இடமில்லாமல் மூன்று மணி நேரம். தோராயக் கணக்குதான், ஆனால் வரிசை சரி. நனைந்த உடம்பில் காற்றும் அடித்தால், உறைபனி தேவையில்லை, 10 டிகிரியே ஆளைச் சாய்த்துவிடும்.

பழக நிஜக்காட்டுக்குப் போக முடியாது. சத்தியமங்கலம் 2013 முதல் புலிகள் காப்பகம்; அனுமதியில்லாமல் நுழைந்தால் குற்றம். ஆனையிடம் அனுமதி வாங்குவது அதைவிடச் சிரமம். அதனால் அப்புச்சியின் நாலு ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலம். கிளுவை வேலி, அங்கங்கே வெள்வேல மரம், கொழுக்கட்டைப்புல், ஆடுகள். ஆணியும் தார்ப்பாயும் கிடையாது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

இடம் பார்ப்பதிலேயே பொழுது போய்விட்டது. முதலில் பிடித்தது பள்ளத்தை ஒட்டிய மணல். மெத்தை மாதிரி இருந்தது, காற்றும் இல்லை. கம்பு நடக் குழி தோண்டிக்கொண்டிருந்தபோது அப்புச்சி வந்தார். ஒன்றும் சொல்லாமல் வேலிப் பக்கம் கூப்பிட்டுக் காட்டினார். கிளுவைக் கொம்புகளில் என் இடுப்பு உயரத்துக்குக் காய்ந்த புல்லும், ஒரு ஷாம்பு பாக்கெட்டும், அரைச் செருப்பும் சிக்கியிருந்தன. எல்லாம் ஒரே மட்டத்தில், கோடு போட்ட மாதிரி.

"தண்ணி போன அளவு. மழை இங்க பேயோணும்னு இல்ல கண்ணு, மேக்கால பேஞ்சாலும் இதுல வரும்."

அடுத்து பனையடி. அண்ணாந்து பார்த்தேன், காவோலை தொங்கியது. வேண்டாம். கல்லுக்குமி பக்கம் மறைவாகத்தான் இருந்தது, ஆனால் சுருட்டை விரியனுக்கும் அதே இடம்தான் பிடிக்கும். மேட்டின் உச்சியில் காற்று, அடியில் இறங்கித் தேங்குகிற குளிர். கடைசியில் சரிவின் நடுவில், பட்டகொம்பு இல்லாத ஒரு வெள்வேல மரத்துக்குப் பத்தடி தள்ளி. எறும்புப் புற்று இருக்கிறதா என்று பத்து நிமிசம் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். கடிக்கவில்லை.

அக்டோபர் 18, சனி

சீமைக்கருவேலில் கவட்டை ரெண்டு வெட்டி நட்டுச் சாய்த்துக் கட்டி, அதில் முகட்டுக் கம்பின் ஒரு முனையை வைத்தேன், மறுமுனை தரையில். ரெண்டு பக்கமும் விலா எலும்பு போலக் கம்புகள், குறுக்கே வரிச்சு, கற்றாழை நாரில் கட்டு. உள்ளே உட்காரலாம், நிற்க முடியாது. இன்னும் பெரிதாகப் போட ஆசைதான். ஆனால் உள்ளே அடுப்பு என் உடம்பு ஒன்றுதான். குடிசை பெருத்தால் அந்தச் சூடு எந்த மூலைக்குப் போதும்? தரையைத் தொடுகிற வால் பக்கத்தை மேற்கே வைத்தேன், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஏறிக் கடந்து போகட்டும் என்று.

போன வருசத்துச் சோளத்தட்டைக் கீழிருந்து மேலாக அடுக்கி வேய்ந்தேன். சாயங்காலம் அப்புச்சி ஒரு குடம் தண்ணியோடு வந்தார். "உள்ள போ" என்றார். மேலே ஊற்றினார். சரிவில் எல்லாம் நன்றாகத்தான் வழிந்தது. முகட்டில் மட்டும் மூன்று இடத்தில் ஒழுகல், அதில் ஒன்று என் மூக்கில். டார்ச் அடித்துப் பார்த்தேன். பக்கக் கம்புகளின் நுனி முகட்டைத் தாண்டி விரற்கடை நீட்டிக்கொண்டிருந்தது. தண்ணி அந்த நுனியில் பிடித்துக் கம்போடு உள்ளே இறங்கி, முதல் கணுவில் சொட்டியது. எல்லா நுனியையும் நறுக்கினேன். இரண்டாவது குடத்துக்கு ஒழுகவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளி லீவில் முதல் ராத்திரி. மழையே இல்லை, ஆனாலும் மூன்று மணிக்கு முதுகு ஜில்லிட்டு எழுந்துவிட்டேன். முழங்கால் உயரத்துக்கு வேப்பஞ்சருகு போட்டிருந்தேன். விடிந்து பார்த்தால் நாலு விரல் கனம். மண் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. அன்றைக்குப் பெரியவர் சாக்கைக் கீழே போடச் சொன்னது இதற்குத்தான்.

அடியில் சோளத்தட்டு, மேலே சருகு, அதற்கும் மேல் கடலைக்கொடி. கடலைக்கொடியைப் போரிலிருந்து உருவியதற்கு அம்மிச்சியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மாட்டுத் தீவனத்தில் படுக்கிறவனை அவர் இப்போதுதான் பார்க்கிறாராம்.

அக்டோபர் 25, சனி

தோற்றுவிட்டேன். பதினோரு மணிக்கு மழை, கிழக்கே வாய் வைத்த குடிசைக்குள் நேராக. ஆடிக்காற்றை நினைத்துக் கட்டியிருக்கிறேன், நடப்பதோ ஐப்பசி! மழை இப்போது வடகிழக்கிலிருந்து அல்லவா வரும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். தலையணை வரை நனைந்து, வீட்டுக்கு ஓடி வந்தேன். அப்புச்சி கட்டிலில் விழித்துத்தான் இருந்தார்.

"தெரிஞ்சும் சொல்லலீங்களா?"

"நீ கேக்கலியே."

கொஞ்சம் கோபம்தான். அப்புறம் அவரே பேச ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் மண்ணுக்கு எருவாகட்டும் என்று காடுகாடாக ஆட்டுப்பட்டியை நகர்த்துவார்களாம். அவர் படுக்கிற குடிசையையும் நாலு பேர் தூக்கி வைப்பார்கள். வைத்ததும் முதலில் ஒரு பிடி மண்ணைத் தூவி, காற்று எங்கே கொண்டுபோகிறது என்று பார்ப்பாராம். பாம்புக்குப் பயந்து எப்போதும் கயிற்றுக் கட்டில். தரையில் படுத்தால் கட்டுவிரியன் வந்து பக்கத்தில் படுத்துக்கொள்ளும் என்றார். அதைக் கேட்ட பிறகு எனக்கு எங்கே தூக்கம்?

அக்டோபர் 26, ஞாயிறு

பிரித்துத் திருப்பிக் கட்டினேன். வால் வடகிழக்கே, வாய் தென்மேற்கே. மேட்டுப் பக்கம் ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால். படுக்கையைத் தரையிலிருந்து தூக்கி, நாலு கவட்டையில் கம்பு பரப்பி, அதன்மேல் தட்டும் சருகும். அரை நாளில் முடிந்தது. முதல் தடவை ஒரு நாள் முழுக்க ஆனது.

நவம்பர் 2, ஞாயிறு

ராத்திரி ரெண்டு மழை. வாய்க்காலில் தண்ணி ஓடும் சத்தம் கேட்டது, உள்ளே ஒரு சொட்டு இல்லை. அஞ்சரைக்கு எழுந்தேன், முதுகு சூடாகவே இருந்தது.

தலைமாட்டில் ஏதோ மெல்லுகிற சத்தம். வெளியே வந்தால் ரெண்டு வெள்ளாடுகள் முன்னங்காலைத் தூக்கிச் சாய்ப்பில் வைத்து, வடக்குக் கூரையைப் பாதி தின்று முடித்திருந்தன.

"ஆவாரங்கொழைய மேல போட்டிருந்தா வாய் வெச்சிருக்காது" என்றார் அப்புச்சி, ஆட்டை விரட்டாமலே. அடுத்த சனிக்கிழமை ஆவாரை வெட்டப் போகவேண்டும்.