கொட்டாஞ்சேனைக் கொப்பி

ஜூன் 3, செவ்வாய்

பிள்ளைகளை வுல்பெண்டால் தேவாலயத்துக்குக் கூட்டிப்போக அனுமதிக் கடிதம் இன்றும் வரவில்லை.

ஜூன் 5, வியாழன்

தரம் 9. பாடநூலை மூடச் சொல்லிவிட்டுப் பலகையில் எழுதினேன்: பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில், வுல்பெண்டால் தேவாலயம், சம்மாங்கோடு பள்ளிவாசல். இதில் எது பழையது?

“கோயில்தான் சேர், கருங்கல்! சோழர் காலம்!”

அந்தக் கருங்கல் வேலையைப் பொன்னம்பலம் இராமநாதன் தொடங்கியது 1907இல். பள்ளிவாசல் வேலை தொடங்கியது 1908இல். வுல்பெண்டாலை ஒல்லாந்தர் கட்டி முடித்தது 1757இல். சொன்னதும் வகுப்பே அமைதியாகிவிட்டது. அப்புறம் பின்வாங்கிலிருந்து ஒருவன், “நீங்கள் சொல்வதை எப்படி நம்புவது, சேர்?”

இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை பாடும். போர்த்துக்கேயர் வந்த 1505, கொழும்பை ஒல்லாந்தர் பிடித்த 1656, ஆங்கிலேயர் பிடித்த 1796 எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். எதை வைத்துச் சொல்கிறோம் என்று யாரும் கேட்டதில்லை. வுல்பெண்டால் தரையில் பதித்த கல்லறைக் கற்களில் ஆண்டு செதுக்கியிருக்கிறது. விரலால் தடவி அவர்களே வாசிக்கட்டும். நடந்தே போகிற தூரம். அதற்கு ஒரு கையெழுத்து.

ஜூன் 9, திங்கள்

கோப்பு வேறு மேசைக்குப் போய்விட்டதாம்.

ஜூன் 12, வியாழன்

வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு எழுதச் சொல்லியிருந்தேன்: இந்தத் தெருவுக்கு எப்போது வந்தீர்கள், ஏன்? துறைமுக வேலைக்கு வந்தவர்கள், செட்டியார் தெரு நகைக்கடைக்கு வந்தவர்கள் என்று பக்கம் பக்கமாக. ஒரு கொப்பியில் மட்டும் இவ்வளவுதான்: “83இல் கடையை எரித்தார்கள். அதுக்கு மேலே அம்மம்மா சொல்லேல்லை. அழுதா.”

சிவப்பு மையைத் தொடவில்லை. அந்த அம்மம்மாவை அழவைத்தது என் கேள்வியா? பாடத்திட்டத்தை முடியுங்கள், இதெல்லாம் எதற்கு என்கிறார் பக்கத்து வகுப்பு டீச்சர். அவர் பயமும் நியாயமானது. ஆனால் வீட்டில் நடந்ததும் வரலாறுதான் என்று இந்தப் பிள்ளைக்கு வகுப்பறையில் தெரியாவிட்டால் வேறெங்கே தெரியும்? வாசிக்கச் சொல்லமாட்டேன். அது அவள் விருப்பம்.

அதே தெரு முஸ்லிம் பையன் ஒருவனின் உம்மம்மா, அந்த 83 ஜூலைக் கலவரத்தில் இரண்டு குடும்பங்களை வீட்டில் வைத்திருந்தாராம். இரண்டு கொப்பியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 13, வெள்ளி

நித்திரையே இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

கடிதம் வந்துவிட்டது! பெற்றோரிடம் ஒப்பம் வாங்க வேண்டும், இன்னொரு ஆசிரியரும் வர வேண்டும். சிங்களம் படிப்பிக்கும் மிஸ் வருகிறேன் என்றார்.

இடைவேளையில் அந்தப் பிள்ளை வந்து கொப்பியைத் திருப்பிக் கேட்டாள். அம்மம்மா மிச்சத்தைச் சொல்கிறாவாம்.