பழுப்பேறிய படிக்கட்டும் ஒரு வைட்டமின் சி மாத்திரையும்

எங்கள் வீட்டு நீச்சல் குளம் ஏறத்தாழ 40,000 லிட்டர் பிடிக்கும். சென்னைப் புறநகரில் இவ்வளவு தண்ணீருக்கு எங்களுக்கு ஆழ்துளைக் கிணற்றை விட்டால் வேறு வழியில்லை. நிரப்பிய அன்று, அடியில் கிடந்த நாணயம் பூவா தலையா என்று கரையிலிருந்தே சொல்லிவிடலாம் என்னும்படி தெளிந்திருந்த நீர், இரவில் குளோரின் போட்டபின் மறுநாள் காலையில் பால் சேர்க்காத தேநீரின் நிறத்துக்கு வந்திருந்தது. இரண்டே நாளில் அந்த நிறம் படிக்கட்டின் வெண்சிமெண்ட் பூச்சிலும் பழுப்பாகப் படிந்துவிட்டது.

குளோரினை நொந்து பயனில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் இரும்பு கண்ணுக்குப் புலப்படாது. ஆக்சிஜனேற்றம் அடைந்ததும் துருவாகப் பிரியும். வாளியில் பிடித்துவைத்த போர் தண்ணீர் மறுநாள் மஞ்சளிப்பதும் இதனால்தான். காற்று மெல்லச் செய்வதைக் குளோரின் ஒரே இரவில் செய்து முடித்திருந்தது.

பராமரிப்புக்கு வந்தவர் ஆசிட் ஊற்றித் தேய்த்துவிடலாம் என்றார். கறையோடு பூச்சும் அரித்துப்போகும் என்பதால் நான் இணங்கவில்லை. 500 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரை ஒன்றை இரண்டாம் படியில் நீருக்கடியில் அரை நிமிடம் அழுத்திப் பிடித்திருந்தேன். விரலை எடுத்தபோது, மாத்திரையின் அளவுக்கு வட்டமாக வெள்ளை தெரிந்தது. இலைக் கறையாக இருந்திருந்தால் இப்படி விட்டிருக்காது. அதற்குக் குளோரின்தான் மருந்து.

அஸ்கார்பிக் அமிலம் என்பது அந்த வைட்டமினேதான். குளோரின் இருக்கும் நீரில் அதைப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும் என்பதால், குளோரின் அளவு பூஜ்யத்தை ஒட்டி இறங்கும்வரை காத்திருந்து, அரை கிலோ தூளைக் கறை மிகுந்த இடங்களைச் சுற்றித் தூவி மோட்டாரை ஓடவிட்டேன். மாலைக்குள் படிக்கட்டு வெளுத்தது. ஆனால் இரும்பு எங்கும் போய்விடவில்லை. சுவரிலிருந்து மீண்டும் நீருக்குள் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அதைக் கரைந்த நிலையிலேயே கட்டிவைக்கும் சீக்வெஸ்ட்ரன்ட் திரவத்தை அன்றே ஊற்றியாக வேண்டும்.

அமிலம் விழுந்ததில் நீரின் அமில-கார நிலையைக் காட்டும் பிஎச் சரிந்து, அதை நிலையாகத் தாங்கும் காரத்தன்மையும் 60 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 60 பங்கு) வந்திருந்தது. 80 முதல் 120 வரை இருப்பது நல்லது. எங்கள் கொள்ளளவுக்கு 10 பிபிஎம் உயர்த்த ஏறத்தாழ 670 கிராம் ஆப்ப சோடா தேவை. மளிகைக் கடைக்காரர் என்ன விசேஷம் என்று கேட்டார். பிஎச் ஏறினால் இரும்பு எளிதில் படியுமென்பதால் முதலில் 7.2 அளவிலேயே நிறுத்திவைத்து, குளோரினைச் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். மூன்றாம் நாள் நான் பொறுமையிழந்து கூடுதலாகப் போட்டதில் கீழ்ப்படியில் மங்கலாக ஒரு தீற்றல் திரும்பி வந்தது.

கோடையில் ஆவியாவதை ஈடுகட்ட விடும் நீரும் புதிதாக இரும்பைக் கொண்டுவருகிறது. ஆகவே இப்போது இரும்பை நீக்கும் வடிகட்டி வழியாகவே நீர் விடுகிறேன். சீக்வெஸ்ட்ரன்ட்டையும் குளோரின் நாளடைவில் சிதைத்துவிடுவதால் மாதம் ஒருமுறை அதையும் சேர்க்கிறேன்.